கண்ணுக்குத் தெரியாத மரத்தூள்

ஆரணியில் பட்டறைக்கென்று தனி இடம் தேடுகிறவர்கள் குறைவு. கூடத்திலேயே தறி, அதை ஒட்டியே குடித்தனம். மர வேலையும் அதே வழக்கத்தில் வீட்டுக்குள் நடக்கிறது. மிதிகட்டை செதுக்குவார்கள், படமரத்தைச் சரிசெய்வார்கள், நேரம் கிடைத்தால் ஸ்டூலும் அலமாரியும் செய்வார்கள். அப்படி வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: “தினமும் பெருக்குகிறேன். ஆனாலும் மூக்கு அடைக்கிறது, பக்கத்து அறைப் பாவில் தூசி படிகிறது. ஃபில்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?” டீ வந்துவிட்டது. உட்காருங்கள், நிதானமாகவே பேசுவோம்.

முதலில் பெருக்குவதை நிறுத்த வேண்டும். ரம்பத்திலிருந்து கொட்டும் தூள் பெரிது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துகள், நெஞ்சு உயரத்திலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான் அளவுள்ளது, இறங்கப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துகளுக்கோ, அசையாத காற்றில்கூடப் பல மணி நேரம் ஆகும். மேலே ஃபேன் ஓடினால் அது தரையைத் தொடுவதே அரிது. மூக்கும் தொண்டையும் பெரிய தூளைத் தடுத்துவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது இந்த நுண்தூசிதான். விளக்குமாறு அதைத்தான் மறுபடி கிளப்பிவிடுகிறது. புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வது அதைவிடக் கெடுதல். ஈரத் துணியால் துடையுங்கள்.

அடுத்த அறைப் பாவில் படிவதும் இதே தூசி. வறண்ட காற்றில் பட்டு இழை மின்னேற்றம் பிடிக்கும். மிதக்கும் துகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மரத்தூள் இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹை விக்கம், நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர். 1960களில் எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், அங்கே மரச்சாமான் செய்பவர்களிடம் அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். டொனால்ட் ஆச்சிசன் போன்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1968இல் அதை வெளியிட்டார். தொழிலில் இறங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்த நோய் தலைகாட்டியது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவிலேயே சேர்த்தது. எப்போதாவது ஸ்டூல் செய்பவர் இதற்காக அஞ்சி நடுங்க வேண்டாம். தினமும் மூடிய அறையில் வேலை செய்பவர் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இனி வழிகள். தூசி பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முதல் வேலை. அறை முழுக்கப் பரவிய பிறகு பிடிப்பது செலவும் அதிகம், பலனும் குறைவு. அதைவிட மேல், தூசியே உண்டாக்காமல் இருப்பது. இழைப்புளியில் சுருள் சுருளாக விழும் சீவல் யார் மூச்சிலும் போகாது. உப்புத்தாளும் சாண்டர் மிஷினும்தான் நுண்தூசியைக் கொட்டுபவை. நன்றாகத் தீட்டிய இழைப்புளியால் முடிந்தவரை இழைத்துவிட்டுக் கடைசிக்கு மட்டும் உப்புத்தாளை எடுங்கள். என் கணக்கில், உளியும் இழைப்புளியும் தீட்டத் தெரிந்திருப்பது பாதி ஃபில்டருக்குச் சமம்.

மிஷின் வேண்டியிருந்தால், அதன் தூசி வாயில் உறிஞ்சும் குழாயைப் பொருத்துங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரின் சாதாரணப் பை நுண்தூசியைப் பின்பக்கமாகத் திருப்பி அறைக்குள்ளேயே விட்டுவிடும். ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. நம் ஊர் அரிசி ஆலைகளின் மேலே கூம்பு வடிவத்தில் தகரப் புனல் நிற்கிறதே, அதன் பெயர் சைக்ளோன். காற்று உள்ளே சுழலும்போது கனமான தவிடும் தூசியும் சுவரில் மோதி வேகம் இழந்து கீழே விழும். காற்று மட்டும் நடுவழியே மேலேறும். இதன் சிறிய வடிவத்தை ஒரு மூடிய டிரம்மின் மேல் பொருத்தி, மிஷினுக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் வையுங்கள். பெரும்பாலான தூள் டிரம்மிலேயே தங்கிவிடும். இரும்பு அறுக்கும் கிரைண்டரை மட்டும் இதே குழாயில் மாட்டாதீர்கள். ஒரு தீப்பொறி போதும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டுமென்றால் மணிக்கு 510 கன மீட்டர் தள்ளும் ஃபேன் போதும். அட்டையில் அந்த எண் இருக்கும். எதிர்ப்புறம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாவிட்டால் காற்று வெளியேயும் போகாது. காற்றோட்டம் உங்கள் பக்கவாட்டில் போகும்படி நின்று வேலை செய்யுங்கள்.

ஃபேன் வெளியே தள்ளும் தூசி எங்கே போய் விழுகிறது? வேறு ஊரில் இது சின்னக் கேள்வி. ஆரணியிலும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கமும் தெருவே நெசவாளரின் பட்டறை. காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிறார்கள். ஈரக் கஞ்சியில் மரத்தூள் ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு புடவைக்கான பட்டும் உழைப்பும் அதில் இருக்கிறது. ஃபேனைத் தெருப் பக்கம் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. கொல்லைப் பக்கமும் அடுத்த வீட்டுத் தறி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியேற்ற வழியே இல்லாத அறைக்குத்தான் காற்று ஃபில்டர். ஹெப்பா வகை, பிடிப்பதற்கே மிகக் கடினமான 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இரு அமெரிக்கர்களின் பெயரால் பரவிய பெட்டி இன்னும் எளிது: நான்கு பக்கமும் ஃபில்டர், மேலே ஃபேன். நம் ஊரில் எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்தே இப்படி ஒன்று செய்துகொள்ளலாம். ஆனால் ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விட்டுவிடும். அதற்குத் திறந்த ஜன்னல்தான் மருந்து.

முகத்தில் துண்டு கட்டுவது போதாது. என்-95 மாஸ்க்கை இடைவெளியில்லாமல் அணியுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேலை முடிந்ததும் உடனே கழற்றாதீர்கள், சுத்தம் செய்து முடிக்கும்வரை இருக்கட்டும். சட்டையை மாற்றிக்கொண்டு தறி அறைக்குப் போங்கள். அடுத்த மிஷினுக்கென்று சேர்க்கும் பணத்தில் முதலில் உறிஞ்சும் குழாயையும் டிரம்மையும் வாங்குங்கள். மிஷின் பிறகு வரட்டும்.