இறங்கிக் கற்ற எறிவீரர்

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குப் பேஸ்போல் ஆட்டத்தோடு யாது உறவு என்று வாசகர் சிலர் வினவக் கூடும். வினா நியாயமானதே. நம் நாட்டிலே கிரிக்கெட் அறியாதார் இல்லை. பேஸ்போல் அறிந்தார் சிலரே. ஆயினும், அமெரிக்கர் பெரிதும் விரும்பும் அந்த ஆட்டத்தின் பின்னே ஒரு கல்விமுறை மறைந்து கிடக்கின்றது. நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற என் போன்றார்க்கு அது சிந்தனைக்கு நல்ல விருந்து. கற்றவன் படிப்படியாக ஏறுவான் என்பது யாவரும் அறிந்தது. ஏறியவன் மீண்டும் கீழே இறங்கிக் கற்கலாமோ? அவ்வாறு இறக்கப்பட்டவன் தலைநிமிர்வானோ? இவ்வினாக்களுக்கு ரோய் ஹலடே என்னும் எறிவீரரின் வரலாறு விடை கூறுகின்றது.

முதலில் எறிவீரனின் தொழிலைச் சிறிது நோக்குவோம். கிரிக்கெட்டிலே பந்துவீச்சாளன் ஓடி வருவான். பந்தைப் பெரும்பாலும் நிலத்திற் குத்தி எழச் செய்வான். பேஸ்போல் எறிவீரனுக்கு ஓட்டம் இல்லை. பத்து அங்குல உயரமான மண்மேட்டிலே நின்று, உடலை முறுக்கிக் கையை மடக்கி, பந்து நிலத்திற் படாதவாறு எறிகின்றான். அவனுக்கும் அடிப்பவன் அருகிலுள்ள தட்டுக்கும் இடைப்பட்ட தூரம் 60 அடி 6 அங்குலம். 1893 ஆம் ஆண்டில் வரையறுத்த அளவு இன்றும் மாறவில்லை. தட்டின் அகலம் 17 அங்குலம். அந்த அகலத்துள், அடிப்பவனின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியூடாகப் பந்து செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்லும் பந்தை அவன் அடியாது விடினும், அடிக்க முயன்று தவறினும் அது ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக் ஆயின் அவன் ஆட்டமிழப்பான். விலகிச் செல்லும் பந்து நான்கு ஆயினோ, அவன் மட்டையை வைத்துவிட்டு முதலாந் தளத்துக்கு நடந்தே போவான். அதனை ‘நடை’ என்றே வழங்குவர். எறிவீரனுக்கு அது இழுக்கு.

மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து தட்டை வந்தடைய அரைச் செக்கன்கூடச் செல்லாது. அத்தகைய வேகம் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்க்கின்றது. அவ்வேகத்தைப் 17 அங்குலத்துள் அடக்குவது கல்வியால் வருவது.

அக்கல்விக்கு அமெரிக்கர் கண்ட பள்ளிக்கூடமே ‘மைனர் லீக்’. உச்சப் படியாகிய மேஜர் லீக்கிலே 30 அணிகள் உள. ஒவ்வோர் அணிக்குங் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ என நான்கு கிளையணிகள். 2021 ஆம் ஆண்டுச் சீரமைப்பின் பின் இக்கிளைகள் 120 ஆயின. அவற்றுக்குங் கீழே அரிச்சுவடி வகுப்புப் போன்ற தொடக்கக் களங்களும் உண்டு. இம்முறையை 1920 களிலே பெருக வளர்த்தவர் சென். லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர். பிறர் பயிற்றிய வீரரைப் பெரும்பணங் கொடுத்து வாங்க அவ்வணிக்கு வசதி போதவில்லை. ஆதலின், இளைஞரைத் தாமே சேர்த்துத் தாமே வளர்க்க முற்பட்டார். அதற்குப் ‘பண்ணை முறை’ என்று பெயர் வழங்கலாயிற்று. நாற்றுமேடையிலே பயிரை வளர்த்துப் பின் வயலிலே நடும் நமக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த நாற்றுமேடையிலேயே வாடிய ஒருவரை முதலில் நினைவுகூர்தல் தகும். அவர் கனெற்றிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரிலே 1939 இல் பிறந்த ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. அவர் எறிந்த பந்தினும் விரைந்த பந்தைத் தாம் கண்டதில்லை என்று அக்காலத்து ஆட்டக்காரர் பலர் வியந்து கூறினர். 1957 இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, பால்ரிமோர் அணியின் கிளையொன்றிலே சேர்ந்தார். கிங்ஸ்போட் என்னும் சிற்றூர் அணிக்காக அவ்வாண்டு 62 இன்னிங்ஸ் எறிந்து 121 பேரை ஸ்ட்ரைக் முறையில் வீழ்த்தினார். கேட்போர் மலைக்கும் எண் அது. ஆனால் அதே 62 இன்னிங்ஸில் 129 பேரை நடக்கவும் விட்டார்! 1960 இலே ஸ்டொக்டன் அணிக்கு ஆடியபோது 170 இன்னிங்ஸில் வீழ்த்தியவர் 262. நடக்க விட்டவரும் 262. ஆற்றலும் அடக்கமின்மையும் தராசின் இரு தட்டுக்களிலே சரிநிகராக நின்ற விந்தையை வேறெங்குங் காண்டல் அரிது.

1962 இலே எல்மைரா நகரில் ஏர்ல் வீவர் என்பவர் அவருக்குப் பயிற்றுநராய் வாய்த்தார். பலவற்றைக் கற்பிக்கப் புகாது, சிலவற்றைத் தெளிவாகக் கற்பித்தார். பயன் விளைந்தது. அவ்வாண்டு டல்கோவ்ஸ்கி எறிந்த இன்னிங்ஸின் தொகையினும் நடக்கவிட்டவர் தொகை குறைந்தது. மறு ஆண்டு மேஜர் லீக்கின் வாயில் திறக்கும் என்றிருந்த வேளையிலே, இளவேனிற் பயிற்சியின்போது முழங்கை பழுதுற்றது. அந்த வேகம் பின்னர் மீளவேயில்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்தேனும் எறியாது ஆட்டத்தை விட்டகன்ற அவர், தோட்டக் கூலியாயும் மதுவுக்கு அடிமையாயும் நெடுநாள் அலைந்தார். 2020 ஏப்ரலிலே பிறந்த ஊரிற் காலமானார். தக்க ஆசிரியர் வந்தார். ஆயின் காலம் கடந்து வந்தார்.

இனி ஹலடேயின் வரலாற்றுக்கு வருவோம். 1977 இலே கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிற் பிறந்தவர் அவர். தந்தையார் விமானமோட்டி. பனி பெய்யும் நாட்டிலே வீட்டின் நிலவறையே சிறுவனுக்குப் பயிற்சிக் களமாயிற்று. 1995 இல், நம்மவர் பெருந்தொகையினராய் வாழுகின்ற ரொறொன்ரோ நகரின் புளூ ஜேய்ஸ் அணி அவரை முதற் சுற்றிலேயே தெரிந்தெடுத்தது. படிகளை அவர் விரைந்து ஏறினார். 1998 செப்டெம்பரிலே, இருபத்தொரு வயதில், மேஜர் லீக்கிற் கால்வைத்தார். அங்கே தொடக்கத்திலிருந்து எறிந்த இரண்டாவது ஆட்டத்திலேயே பேரதிசயம் ஒன்று நிகழவிருந்தது. ஒன்பதாவதும் இறுதியுமான இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழக்கும் வரையும் டிற்றொயிற் அணியில் ஒருவராலேனும் அவர் பந்தை வெற்றியாக அடிக்க முடியவில்லை. இன்னும் ஒருவரே எஞ்சினார். அந்த ஒருவர் பந்தை வேலிக்கப்பால் அடித்துவிட்டார். எனினும் ஆட்டத்தை வென்றவர் ஹலடேயே. இளஞாயிறு எழுந்தது என்று யாவரும் மகிழ்ந்தனர்.

அந்த ஞாயிறு ஈராண்டில் மறைந்தது. எறிவீரன் ஒருவனிடமிருந்து எதிரணி ஒன்பது இன்னிங்ஸுக்குப் பெறும் ஓட்டங்களின் சராசரியே அவன் தரத்துக்கு அளவுகோல். நான்கின் கீழ் நின்றால் நன்று. மூன்றின் கீழ் நின்றால் மிக நன்று. 2000 ஆம் ஆண்டிலே ஹலடேயின் சராசரி 10.64! ஒரு பருவத்தில் 50 இன்னிங்ஸுக்குக் குறையாது எறிந்தவர்களுள் அதுவரை எவரும் அத்துணைத் தாழ்ந்ததில்லை. காரணம் யாது? வேகம் குறையவில்லை. கையை உச்சிக்கு உயர்த்தி நேரே எறிந்தமையால் பந்து நேராகவே சென்றது. அடிப்பவர் கண்ணுக்கு அது எளிதாகிவிட்டது. அடி வாங்க வாங்க நம்பிக்கை குன்றியது. நம்பிக்கை குன்றவே பந்தும் குறி தவறியது.

2001 இன் தொடக்கத்திலே அணியினர் ஒரு முடிவெடுத்தனர். அவரை ஒரு படியன்று, பல படிகள் இறக்கி, புளோரிடாவின் டனீடன் நகரிலுள்ள ஏ நிலை அணிக்கு அனுப்பினர். பல்கலைக்கழக மாணவனை ஆறாந் தரத்தில் இருத்தினால் எவ்வாறிருக்கும்? அவர் நாணிக் குன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அங்கே ஓர் ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். அவர் பெயர் மெல் குவீன். தாமும் ஒருகால் எறிவீரராய் இருந்தவர். கடுஞ்சொல்லுக்கும் அஞ்சாதவர். மாணவரின் செருக்கையும் அச்சத்தையும் ஒருங்கே உடைத்துவிட்டு, தொழிலை அடியிலிருந்து கட்டினார். உச்சிக்கு உயர்ந்த கையைத் தோளின் பக்கமாகச் சற்றுத் தாழ்த்தினார். பந்தின் தையல்மீது விரல்கள் பதியும் விதத்தை மாற்றினார். அதன்பின், தட்டை அணுகும் வேளையில் ஒரு பந்து தாழ்ந்தது. இன்னொன்று பக்கஞ் சாய்ந்தது. நேரே சென்ற பந்து நெளியக் கற்றது எனலாம். மனைவியாரும் தம் பங்கைச் செய்தார். எறிவீரர்தம் மனப்பயிற்சி பற்றி ஹார்வி டோர்ஃப்மன் எழுதிய நூலொன்றை வாங்கிக் கொடுத்தார். அடுத்த பந்து ஒன்றையே எண்ணுக, சென்றதையும் வருவதையும் எண்ணற்க என்னும் நெறியை ஹலடே பற்றிக்கொண்டார்.

டனீடனிலிருந்து டபிள் ஏ நிலைக்கும், ஆங்கிருந்து சிரக்யூஸ் நகரின் ட்ரிப்பிள் ஏ நிலைக்கும் மீண்டும் ஏறி, அவ்வாண்டு யூலையிலேயே ரொறொன்ரோவுக்குத் திரும்பினார். அப்பருவத்தில் அங்கு அவர் பெற்ற சராசரி 3.16. 2003 இலே 266 இன்னிங்ஸ் எறிந்து, நடக்கவிட்டவர் வெறும் 32 பேர். டல்கோவ்ஸ்கியின் எண்களை வாசகர் இங்கே ஒப்புநோக்குக. அவ்வாண்டு தம் லீக்கின் தலைசிறந்த எறிவீரருக்குரிய சை யங் விருது அவருக்குக் கிட்டியது. பின்னர் பிலடெல்பியா அணிக்கு மாறி, 2010 மே 29 இலே எதிரணியின் 27 பேரையும், ஒருவரையேனும் தளமேற விடாது, வரிசையாக வீழ்த்தினார். 1998 இல் ஓர் அடியால் நழுவியது, பன்னிரண்டாண்டு சென்று அதனினும் நிறைவாக வந்து சேர்ந்தது. அவ்வாண்டும் சை யங் விருது அவருக்கே. 2017 நவம்பரிலே, தாமே ஓட்டிய சிறுவிமானம் கடலில் வீழ, நாற்பதாம் வயதில் மறைந்தார். 2019 இலே பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

இவ்வெற்றியைக் கண்டு மைனர் லீக்கை ஒரேயடியாகப் போற்றுதலும் பொருந்தாது. அங்கே சேர்வோருட் பெரும்பாலோர் மேலே செல்வதில்லை. இரவிரவாகப் பேருந்திலே பயணம், குறைந்த கூலி. 2022 வரையில் ஏ நிலை வீரருக்கு ஆண்டுக் குறைந்த ஊதியம் 11,000 டொலர் அளவிலேயே நின்றது. வீரர் தொழிற்சங்கத்திற் சேர்ந்து 2023 இலே முதலாவது கூட்டு ஒப்பந்தம் பெற்ற பின்னரே அது 26,200 ஆயிற்று. நாற்றுமேடை வைத்திருப்போர் எல்லா நாற்றுக்கும் நீர் வார்க்கக் கடமைப்பட்டவர். வயலுக்குப் போகும் நாற்றுக்கு மட்டும் வார்ப்பது அறமாகாது.

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நம் பள்ளிகளிலே எழுத்துக் கூட்டத் தடுமாறும் மாணவனும் ஆண்டுதோறும் தரம் ஏறுகின்றான். இறக்கினால் பழி என்று அஞ்சுகின்றோம். அவ்வச்சம் காரணமற்றதன்று, வெறுமனே இறக்குதல் தண்டனையே. இறக்கம் மருந்தாக வேண்டுமாயின் மூன்று வேண்டும். தன் குறை இன்னதென்று மாணவனுக்குத் தெளிவாக உரைத்தல் ஒன்று. இறங்கிய இடத்திலே வல்ல ஆசிரியர் ஒருவர் காத்திருத்தல் இரண்டு. மீண்டு ஏறும் வழி அடைபடாதிருத்தல் மூன்று. ஹலடேக்கு இம்மூன்றும் வாய்த்தன.

நான்காவதாக ஒன்றையுஞ் சொல்லலாம். டனீடனிலே அவர் எறிந்த பந்து அடிபட்டாற் கேட்பாரில்லை. ரொறொன்ரோவிலே ஆயிரமாயிரம் பேர் முன்னே ஒவ்வொரு பந்துக்கும் வெற்றி தோல்வி என்னும் விலை உண்டு. ஆங்கே புதியது பழக எவனுக்குந் துணிவு வராது. பிழைவிட இடங்கொடுக்கும் களமே கற்குங் களம். வாரந்தோறும் சோதனை, மாதந்தோறும் புள்ளி, தவணைதோறும் நிரற்படுத்தல் என்று நம் பிள்ளைகளை எந்நாளும் ஆட்டக்களத்திலேயே நிறுத்துகின்றோம். அவர்கள் பழகும் களம் எங்கேயுள்ளது? இவ்வினாவை ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பறை வாயிலில் நின்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராக.