அணுகுண்டுக்கு அசராத மணி

வெம்பக்கோட்டைப் பக்கத்து நாய்களுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். கோயில் கொடைக்கு வெடி, கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கும் வெடி. எங்கள் அத்தை வீட்டு மணி இந்தச் சத்தத்திலேயே கண் திறந்தவன். சரவெடி ஓய்ந்ததும் எழுந்து போய், சிதறிக் கிடக்கும் காகிதத்தை மோந்து பார்ப்பான். 'இவ்வளவுதானா?' என்கிற மாதிரி திரும்பி வந்து படுத்துக்கொள்வான். அணுகுண்டு வெடிக்குக்கூட ஒரு காதை மட்டும்தான் தூக்குவான்.

போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது மணியைத் திண்ணையில் காணோம். தெருமுனையில் யாரோ ஒற்றை வெடி வைத்திருக்கிறார்கள். அதற்கே கட்டிலுக்கு அடியில் போய், மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு வயசாச்சுல்ல மருமகனே, பயந்தாங்கொள்ளியாயிட்டான்" என்றார் அத்தை.

அத்தையின் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. "வயசானா தைரியம் போயிருமா மாமா? அப்ப ஆச்சி மட்டும் ஏன் யாருக்கும் பயப்பட மாட்டேங்குது?"

அத்தை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது அவ்வளவு சரியான கேள்வி.

மணி சிப்பிப்பாறை இன நாய். சிப்பிப்பாறை என்பது இந்த வட்டாரத்து ஊர்தான். ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயராகிவிட்டது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான மூஞ்சி. கரிசல் காட்டில் முயலை விரட்டுவதற்கென்றே வளர்த்த உடம்பு. இப்போது முயல் வேட்டை குற்றம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனால் மணி போன்றவர்கள் வீட்டுக் காவலோடு சரி. (பக்கத்து ஊர் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். அந்த வரிசையில் சிப்பிப்பாறை இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.)

மறுநாள் விடிந்ததும் நானும் அவளும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். மணியைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது மட்டும்தான் வேலை. அவள் எழுதியது இது: 'முன்னங்கால் இரண்டையும் ஊன்றி இழுத்து எழுந்தான். பின்னங்கால் பிறகுதான் வந்தது. முதல் பத்து அடி கட்டை மாதிரி நடந்தான். அப்புறம் சரியாகிவிட்டது. வாசல் படி இரண்டு. ஏறுவதற்கு முன்னால் நின்று யோசித்தான். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தத்தி ஏறினான். உள்ளே டைல்ஸ் தரையில் கால் வழுக்கியது. வலது பின்தொடை இடது தொடையைவிட ஒல்லி.'

முயலை விரட்டப் பிறந்தவன் முயல் மாதிரி தத்துகிறான்! ஒரு தரம்கூட அவன் முனகவில்லை, நொண்டவும் இல்லை. ஆனாலும் அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் மூட்டு வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

வலிக்கும் வெடிப் பயத்துக்கும் என்ன தொடர்பு? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகமும் பிரேசில் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்கள். அதில் 10 நாய்களுக்கு மூட்டிலோ தசையிலோ வலி இருந்தது, மற்ற 10 நாய்களுக்கு வலி இல்லை. வலி இல்லாத நாய்களுக்குச் சத்தப் பயம் இளம் வயதிலேயே தொடங்கியிருந்தது. வலி இருந்த நாய்களுக்கோ சராசரியாக ஏறக்குறைய 4 ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியிருந்தது. வலிக்கு மருத்துவம் பார்த்ததும் பயமும் குறைந்தது.

இருபது நாய் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நீங்களே செய்து பார்க்கலாம். பின்னால் வந்து யாராவது கையைத் தட்டினால் உங்கள் உடம்பு என்ன செய்கிறது? தோள் தூக்கும், முதுகு விறைக்கும், முட்டி மடங்கும். நினைத்துச் செய்வதல்ல, தசை தானாக இறுகுகிறது. நாய்க்கும் அப்படித்தான். மூட்டு நன்றாக இருக்கிற வரை அந்த இறுக்கம் ஒன்றுமில்லை. மூட்டு தேய்ந்திருந்தால், தசை இழுத்ததும் சுரீர் என்று வலிக்கும். நாய் என்ன கணக்குப் போடும்? 'டமார் என்றது, இடுப்பில் குத்தியது. ஆக, குத்தியது அந்த டமார்தான்.' தவறான கணக்குதான், ஆனால் முட்டாள்தனமான கணக்கு இல்லை. அதன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போடுவேன்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். சமைக்கும் முன் கோழிக்கால் ஒன்றை வாங்கி, மூட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எலும்பின் முனையில் பளபளவென்று வெள்ளைத் தொப்பி ஒன்று இருக்கும். விரலால் தடவினால் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கும். அதுதான் குருத்தெலும்பு. சுற்றி முட்டை வெள்ளைக்கரு போன்ற கொழகொழப்பான திரவம் கொஞ்சம் ஒட்டும், அது மூட்டுக்கு எண்ணெய். (பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பிட்ட பிறகு வெந்த எலும்பை நாய்க்குப் போட வேண்டாம். கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.)

இந்த வெள்ளைத் தொப்பிக்கு வினோதமான குணம் ஒன்று. அதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலி தெரியாது. அடியில் இருக்கும் எலும்புக்கும் மூட்டைச் சுற்றிய சவ்வுக்கும் பாதிப்பு பரவிய பிறகுதான் வலி. அதற்குள் காலம் கடந்திருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால் தேய்ந்தது திரும்ப வளர்வதும் அரிது. பிறகு குருத்தெலும்புக்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது? ஈரத் துணியைப் பிழிந்து மறுபடி தண்ணீரில் விடுகிற மாதிரிதான். நடக்கும்போது பாரம் அழுத்தினால் குருத்தெலும்பிலிருந்து திரவம் வெளியேறும், காலைத் தூக்கினால் திரும்ப உள்ளே ஏறும். அதோடு சத்தும் ஏறும். அதனால்தான் மூட்டு வலிக்கிறது என்று நாயை நாள் முழுக்கக் கட்டிப் போடுவது உதவாது. ஒரே மூச்சில் வயல்வெளி சுற்றவும் கூடாது. நாளுக்கு மூன்று தடவை, சின்னச் சின்ன நடை, தினமும் அதே அளவு. இதுதான் சரி.

வலிக்கிற காலில் பாரம் போடாமல் விட்டால் தசை கரையும். மணியின் ஒல்லித் தொடை அந்த வகை. நல்ல நாயே தன் எடையில் 60 சதவீதம் வரை முன்னங்காலில்தான் சுமக்கும். பின்னங்கால் வலி வந்தால் இன்னும் அதிகமாக முன்னால் சாயும்.

எடை என்றதும் சாத்தூர்ச் சேவு ஞாபகம் வருகிறது. அத்தை வீட்டில் சேவுப் பொட்டலம் பிரிகிற சத்தத்துக்கு மணி எங்கிருந்தாலும் வந்துவிடுவான். பேத்தி ஒரு பிடி, ஆச்சி ஒரு பிடி. ஒட்டிய வயிறுள்ள இனத்தில் இவனுக்கு மட்டும் தொப்பை! அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து, குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. அளவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11 ஆண்டுகள் சொச்சம். மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் சுமார் 3 ஆண்டுகள் தள்ளிப் போயிருந்தது. மருந்தில்லாமல், செலவில்லாமல் கிடைத்த 3 ஆண்டு. சேவு நிறுத்தப்பட்டது. மணி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

அத்தை வீட்டில் முத்து என்று ஒரு பூனையும் உண்டு, அதற்கும் வயது பத்துக்கு மேல். மணியைப் பார்த்த கண்ணோடு முத்துவைப் பார்த்த பேத்திதான் அதையும் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவலில் மதில் மேல் ஏறும் முத்து, இப்போது முதலில் துவைகல்லில் ஏறுகிறது, அங்கே நின்று மூச்சு வாங்குகிறது, பிறகுதான் மதில். முதுகின் பின்பாதியில் முடி சடை பிடித்திருந்தது. வளைந்து நக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை, அதுதான் காரணம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. நம் வீட்டுக் கிழட்டுப் பூனை 'சோம்பேறியாகிவிட்டது' என்று சொல்வதற்கு முன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டில் வலியைக் காட்டிக்கொள்கிற சின்ன விலங்கு அடுத்தவருக்கு இரையாகிவிடும். பூனை அதனால்தான் மறைக்கிறது.

தீபாவளி முடிந்த வாரம் மணியை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் எடை போட்டார், ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்ததும் மணி தலையைத் திருப்பி அவர் கையை நக்கினான். "இதுதான் இவன் 'ஆ' என்று கத்துவது" என்றார். மாத்திரை கொடுத்தார், எவ்வளவு, எத்தனை நாள், சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தார். நீண்ட நாள் கொடுப்பதானால் சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். எக்ஸ்ரேக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருந்தது.

"வீட்ல ஆச்சியோட கால்வலி மாத்திரை இருக்கே, அதைக் கொடுத்தா என்ன?" என்று பேத்தி கேட்டாள். இதை மட்டும் செய்யவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பூனைக்கு அது மிகக் குறைவு. வெளியேறாத மருந்து நஞ்சாகிச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. நாம் முட்டி வலிக்குப் போடும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். ஓர் உடம்புக்கு மருந்து, இன்னோர் உடம்புக்கு நஞ்சு.

இதை அறியாமல் இருந்ததற்கு நம் நாடே கொடுத்த விலை பெரியது. மாடுகளின் வலிக்கு டைக்குளோஃபினாக் போட்டார்கள், மாடு நன்றாகத்தான் இருந்தது. மருந்து உடம்பில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்து விழுந்தன. வானம் நிறைய இருந்த பறவை சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமல் போனது. காரணம் 2004-இல்தான் பிடிபட்டது, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும். மாற்றாக வந்த மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யவில்லை. மணிக்கு டாக்டர் கொடுத்ததும் மெலாக்சிகாம்தான்.

மற்ற வைத்தியம் எல்லாம் வீட்டிலேயே நடந்தது. டைல்ஸ் மேல் வாசலிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை பழைய சாக்கைத் தைத்து விரித்தாள் பேத்தி. வாசல் படியில் பலகையைச் சாய்த்து, அதன் மேலும் சாக்கு. சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாமல் இருக்கப் பஞ்சு அடைத்த படுக்கை. நகத்தை வெட்டிவிட்டோம், நீண்ட நகம் பாதத்தைத் தூக்கிவிட்டு மூட்டைக் கோணலாக்கும். முத்துவுக்குத் துவைகல்லுக்குக் கீழே இன்னொரு கல்.

மணிக்குக் குணமாகிவிட்டதா? இல்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். பங்குனிப் பொங்கலுக்கு நான் மறுபடி போனபோது கோயில் வாசலில் சரம் கொளுத்தினார்கள். மணி தலையைத் தூக்கினான். காது இரண்டும் பின்னால் மடிந்தன. எழுந்து இரண்டு அடி உள்பக்கம் போய், சாக்கின் மேல் படுத்துக்கொண்டான். நடுக்கம் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு வெடிக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும்: சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அதற்கு முன்னாலேயே உங்கள் வீட்டுக் கிழவனையோ கிழவியையோ நடக்கக் கூட்டிப் போய்விட்டு வந்து, வழுக்காத தரையுள்ள உள்அறையில் விடுங்கள். அதற்கும் முன்னால், நாளைக் காலையே, அது தூங்கி எழுவதையும் படி ஏறுவதையும் அம்மா போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது மறக்காமல் அதைக் காட்டுங்கள். மாட்டாஸ்பத்திரி மேஜையில் ஏற்றிவிட்டால் எந்த நாயும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராக நிற்கும்.