இரு நாட்டு நேரம் காட்டும் கைக்கடிகாரம்: பழையதா, புதியதா?

கடல் கடந்து வாழ்வோர் தாம் சென்ற நாட்டின் நேரத்தோடு பிறந்த ஊரின் நேரத்தையும் நெஞ்சிலே சுமந்து திரிகின்றனர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகன், வீட்டாருடன் பேச எண்ணும் போதெல்லாம், "இந்நேரம் அம்மா உறங்கியிருப்பாரோ" என்று விரல் மடித்துக் கணக்குப் பார்க்கின்றான். கைத்தொலைபேசி வந்த பின்னர் இக்கணக்கு எளிதாகிவிட்டது உண்மையே. ஆயினும் இதற்கென்றே அமைந்த கைக்கடிகாரம் ஒன்று எழுபது ஆண்டுகளாக விற்பனையில் இருக்கின்றது. அதனை வாங்குவோர் தொகையும் குறைந்தபாடில்லை. அதுதான் றோலெக்ஸ் நிறுவனத்தாரின் ஜீ.எம்.ரி. மாஸ்டர். பல ஆண்டுச் சேமிப்பை அதிலே இடத் துணிபவர் முன் எழும் கேள்வி ஒன்றே: பழையதை வாங்குவதா, புதியதை வாங்குவதா? விடை சொல்வதற்கு அதன் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

1884இல் வாஷிங்டன் நகரிலே கூடிய மகாநாடு, இங்கிலாந்திலுள்ள கிறினிச் வழியாகச் செல்லும் கோட்டை உலகத்தின் முதற் கோடாக ஏற்றது. விமானப் போக்குவரத்து வளர்ந்தபோது, விமானிகள் எந்த நாட்டின் மேலே பறந்தாலும் கிறினிச் நேரத்தையே தம் பொது நேரமாகக் கொண்டனர். 1950ஆம் ஆண்டுகளிலே பான் அமெரிக்கன் விமானக் கம்பனி தன் விமானிகளுக்கு இரு நேரங்களையும் ஒருங்கே காட்டும் கடிகாரம் வேண்டுமென விரும்பியது, 1955இல் ஜீ.எம்.ரி. மாஸ்டர் வெளிவந்தது. அக்கம்பனி 1991 டிசெம்பரிலே மூடப்பட்டுவிட்டது. அதன் பொருட்டுச் செய்த கடிகாரம் இன்றும் ஓடுகின்றது.

வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள் இதில் உண்டு. அது நாளொன்றுக்கு ஒரே முறை சுற்றி வருவது. அதன் நுனியிலே முக்கோணம் இருக்கும். முகப்பைச் சூழ, 24 மணி நேரமும் பொறித்த வளையம் ஒன்று கையாற் சுழற்றத்தக்கதாக அமைந்துள்ளது. வளையத்தின் ஒரு பாதி சிவப்பு, மறு பாதி நீலம்; சிவப்பு பகலுக்கும் நீலம் இரவுக்கும் அடையாளம்.

1959 தொடக்கம் ஏறக்குறைய 1980 வரை செய்யப்பட்ட 1675 என்னும் எண்ணுடைய வகையையே பழையதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதிலே நான்காம் முள் தனித்து இயங்குவதில்லை. மணி முள்ளோடு பிணைக்கப்பட்டு அதனுடனேயே நகரும். ஆகவே வேற்று நாட்டு நேரத்தை அறிய ஒரே வழிதான் உண்டு. வளையத்தைத் திருப்பி வைத்து, நான்காம் முள் வளையத்திலே எந்த எண்ணைச் சுட்டுகின்றது என்று பார்க்கவேண்டும்.

1982இல் ஜீ.எம்.ரி. மாஸ்டர் இரண்டு என்னும் பெயரோடு வந்த வகையிலே பிணைப்பு நீங்கியது. சாவி கொடுக்கும் குமிழை ஒரு நிலைக்கு இழுத்துத் திருகினால், மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவி முன்னும் பின்னும் செல்லும். நிமிட முள்ளும் நான்காம் முள்ளும் தம் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இலண்டனில் வாழும் ஒருவர் நியூயோர்க்கில் இறங்கினால், மணி முள்ளை ஐந்து முறை பின்னே தாவவிடுவதோடு வேலை முடிந்தது. ஒரு செக்கன்கூடப் பிசகாது. நான்காம் முள் வீட்டு நேரத்தைக் காட்டியபடியே இருக்கும். வளையத்தையும் திருப்பினால் மூன்றாம் நாடொன்றின் நேரமும் கிடைக்கும். நள்ளிரவைத் தாண்டித் தாவும்போது திகதியும் கூடவே மாறும். 1675இலோ திகதியை மாற்ற வேண்டுமாயின் முட்களைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு நாளையும் கடக்கவேண்டும். சில நாட்கள் கழற்றி வைத்தவருக்கு அது பெருந்தொல்லை.

பிற மாற்றங்கள் உறுதியைப் பற்றியவை. பழையதன் கண்ணாடி உண்மையிற் கண்ணாடியன்று, பிளாஸ்டிக் வகை. எளிதிற் கீறுபடும், ஆனால் தேய்த்து மெருகிடலாம், உடைந்தாலும் சிறு செலவோடு மாற்றலாம். புதியவற்றில் இருப்பது செயற்கை நீலக்கல். எங்கள் இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கும் நீலமும் இதுவும் பொருளால் ஒன்றே. நிறந்தரும் கலப்பு இல்லாமையால் இது தண்ணீர்போலத் தெளிந்திருக்கின்றது. வளையமும் மாறியது. முன்னர் அது சாயமேற்றிய அலுமினியம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நீலம் சாம்பலாகும், சிவப்பு இளஞ்சிவப்பாகும். இந்த மங்கலையே அழகென்று கருதி மிகுந்த விலை கொடுப்போர் இருக்கின்றனர் என்பது வேடிக்கை! 2005இல் பொன்னாற் செய்த வகையிலும், 2007இல் எஃகால் ஆனதிலும் செராமிக் என்னும் சூளையிற் சுட்ட கடும்பொருள் வளையத்துக்கு வந்தது. அது கீறுபடாது, நிறம் மங்காது. ஆனால் கல்லிலே பலமாக மோதினால் பிளக்கலாம். பிளந்தால் முழுவதையும் மாற்றவே வேண்டும். சிவப்பும் நீலமும் ஒரே துண்டிலே அமைவது கடினமாயிருந்தது. முழு வளையத்தையும் சிவப்பாக ஆக்கி, பாதியை மட்டும் இரசாயன முறையால் நீலமாக மாற்றும் உபாயம் கைவந்த பின்னரே, 2014இல் வெண்பொன்னிலும் 2018இல் எஃகிலும் அந்நிறங்கள் மீண்டன.

2018ஆம் ஆண்டு வகையின் பொறி ஒருமுறை முற்றச் சாவி ஏறினால் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தவர் திங்கள் காலையிலும் அது ஓடக் காண்பார். நாளொன்றுக்கு இரண்டு செக்கனுக்கு மேற் பிழைக்காது என்பது நிறுவனத்தாரின் வாக்கு.

இவ்வளவையும் கேட்ட வாசகர், புதியதே சிறந்தது, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்று எண்ணக்கூடும். இலண்டன்வாசிக்கும் பாரிஸ்வாசிக்கும் அது சரியே. எங்கள் நாட்டவருக்கு அங்கேதான் ஒரு சிக்கல்.

இலங்கை நேரம் கிறினிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இந்த அரை மணியைக் கடிகாரத்தை வகுத்தோர் கணக்கில் எடுக்கவில்லை. புதியதன் மணி முள் முழு மணிகளாக மட்டுமே தாவும்; நிமிட முள்ளோ எல்லா நாட்டுக்கும் ஒன்றேயாம். கொழும்பிலே பிற்பகல் 3.30 ஆகும்போது இலண்டனில், மாரிகாலத்திலே, முற்பகல் 10 மணி. இலண்டனில் இறங்கிய எம்மவர், மணி முள்ளை ஐந்து முறை தாவவிட்டாலும் ஆறு முறை தாவவிட்டாலும் அரை மணி பிழைத்தே நிற்கும். நிமிட முள்ளையும் திருத்தவேண்டும். அதற்குக் குமிழை முற்றாக இழுத்துக் கடிகாரத்தை நிறுத்தவேண்டும். நிமிட முள் திரும்பும்போது நான்காம் முள்ளும் கூடவே நகர்ந்து வீட்டு நேரத்தைக் குழப்பிவிடும். முடிவிலே நான்காம் முள் காட்டும் மணியோடு அரை மணியை மனத்தாற் கூட்டிக்கொள்ளவேண்டியதே. துபாய்க்கு ஒன்றரை மணி, சிங்கப்பூருக்கு இரண்டரை மணி, ரொறன்ரோவுக்கு மாரியிலே பத்தரை மணி என்று, எம்மவர் பெரும்பாலும் செல்லும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்த அரை எம்மைத் தொடர்கின்றது. சென்னைக்குச் செல்பவர் மாத்திரம் கடிகாரத்தைத் தொடாமலே போய்வரலாம்.

புதியதன் வளையத்தைத் திருப்பி இதனைச் சரிசெய்யலாகாதோ எனின், அதுவும் ஆகாது. செராமிக் வளையம் 24 இடங்களில் மட்டுமே 'கிளிக்' என்று பதிந்து நிற்கும், மணிக்கு ஓரிடம். அரை மணிக்கு அங்கே இடமில்லை. 1675இன் வளையமோ பற்களின்றி உராய்வினால் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது. நிறுத்திய இடத்தில் நிற்கும்; அரை மணியிலும் நிற்கும், நேபாளத்தாரின் ஐந்தே முக்கால் மணியிலும் நிற்கும். கொழும்பு நேரத்தில் ஓடும் பழைய கடிகாரத்தின் வளையத்தை ஐந்தரை மணியளவு வலமாகத் திருப்பினால், நான்காம் முள் வளையத்திலே இலண்டன் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும். எவருக்கும் தோன்றாத பழைய வசதியொன்று எம்மவருக்கே பயன்படுகின்றதல்லவா! சட்டைக் கை உரசினால் வளையம் சிறிது நகர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.

இந்த அரை மணியும் எங்கள் நாட்டிலே எந்நாளும் நிலைத்து நின்றதன்று. 1996 மேயிலே இலங்கை நேரம் ஆறரை மணியாக முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரிலே ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்பிரலிலே மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுக் கேட்டுக் காரியம் பார்த்த அந்நாட்களைப் பலரும் மறந்திரார். முழு ஆறு மணியாக இருந்த அந்த ஒன்பதரை ஆண்டுகளிலே தாவும் முள்ளுடைய கடிகாரம் எங்களுக்கும் குறைவின்றிப் பயன்பட்டிருக்கும்.

எனினும், வளையம் ஒன்றை நம்பிப் பழையதை வாங்க ஓடுதல் தகாது. பழையதை வாங்குபவர் பொருளோடு அதன் வரலாற்றையும் வாங்குகின்றார். அவ்வரலாற்றிலே பொய் கலப்பது எளிது. மார்லன் பிராண்டோ என்னும் நடிகர் 1979இல் வெளிவந்த 'அப்போகலிப்ஸ் நௌ' திரைப்படத்தில் அணிந்த 1675, 2019 டிசெம்பரிலே நியூயோர்க் ஏலத்தில் 19 இலட்சத்து 52 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதிலே சுழல் வளையமே இல்லை. அவர் அதனைக் கழற்றிவிட்டார். பின்னட்டையிலே தம் பெயரைத் தாமே கீறியிருந்தார். அக்கடிகாரத்துக்கு அவ்விலை பெயராற் கிடைத்தது. பெயரில்லாத மற்றவற்றுக்கோ முகப்பும் முட்களும் வளையமும் பிறந்தபடியே இருப்பதுதான் விலை. ஒன்றின் முகப்பையும் வேறொன்றின் முட்களையும் பொருத்தி முழுப் பழையதென விற்போர் உளர். கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கத்தக்க ஒருவர் துணையின்றிப் பணம் கொடாதிருப்பதே நன்று.

உடல்நலத்தைத் தொட்ட செய்தியும் ஒன்றுண்டு. 1960களின் தொடக்கம் வரை இருளில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த பூச்சையே இட்டனர். ஒளி எப்பொழுதோ அவிந்திருக்கும். ஒளிரும் பொருள் தேய்ந்துபோனதே அதன் காரணம். ரேடியமோ பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் வேண்டும். அத்தகைய கடிகாரத்தை வீட்டிலே திறந்து பூச்சைச் சுரண்டுதல் ஆகாது. அத்தூள் மூச்சோடு உட்செல்லலாம். அதன் பின் வந்த திரிற்றியம் அவ்வளவு கொடியதன்று. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பாதியாகிக் குறைந்துவிடும். நீரைப் பொறுத்தமட்டில், பிறந்தபோது 50 மீற்றர் ஆழம் தாங்கும் என்று சொல்லப்பட்ட 1675ஐ இன்று அணிந்துகொண்டு கேணியிலும் இறங்கவேண்டாம் என்போம்.

புதியதை வாங்குவோருக்குத் தொல்லை வேறு விதமானது. 2018இல் அமெரிக்காவிலே அதன் கடை விலை 9,250 டொலர். அவ்விலைக்குக் கொடுக்கக் கடையிலே கடிகாரம் இராது. பெயரைப் பதிந்து காத்திருக்கவேண்டும். காத்திராதவர், பிறர் கைபட்டதைக் கடை விலையினும் கூடிய விலைக்கு வாங்கினர்.

எம் கருத்தைச் சொல்வதாயின், நாள்தோறும் அணிந்து பயணஞ் செய்பவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கின்றது. 1989 தொடக்கம் 2007 வரை செய்யப்பட்ட 16710 என்னும் வகை அது. முள் தாவும், கண்ணாடி நீலக்கல், வளையமோ அலுமினியம், கழற்றி மாற்றத்தக்கது. வெளிநாட்டிலே குடியேறி அங்கிருந்து பயணிப்போருக்கு இதனையே முதலிற் சொல்வோம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு ஆண்டுக்கொருமுறை மக்களைப் பார்க்கச் செல்பவருக்கு, புதியதன் சிறப்பெல்லாம் அந்த அரை மணியிலே கரைந்துபோகும். அழகுக்கும் உறுதிக்கும் பணம் கொடுப்பதாயின் கொடுக்கட்டும்.

கப்பலிலோ விமானக் கம்பனியிலோ உழைத்த தந்தையாரோ பெரியப்பாவோ விட்டுச் சென்ற 1675 அலுமாரியிலே கிடக்குமாயின், அவ்வீட்டாருக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டியதில்லை. அதனைப் புதுக்கித் தருகின்றேன் என்பவரிடம் முகப்பை மாற்றவும் உடலைத் தேய்த்து மெருகிடவும் இடங்கொடாது, எண்ணெயிட்டு ஓடச் செய்தால் மட்டும் போதும். மாற்றிய உறுப்பு எதுவாயினும் பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் வளையத்திலுள்ள முக்கோணத்தை முகப்பின் 2க்கும் 3க்கும் இடையே முக்காற் பங்கிலே நிறுத்தினால், இலண்டனின் மாரிகால நேரம் கிடைக்கும். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று அங்கே நேரம் ஒரு மணி முன்னே செல்லும். அன்று முக்கோணத்தை அதே இடைவெளியின் காற் பங்குக்குப் பின்தள்ளி, ஒக்டோபர்க் கடைசி ஞாயிறுவரை அங்கேயே விட்டுவிடலாம்.