கன்னத்து மச்சம் எங்கே?
முகத்தைத் துடைத்துவிடும் கம்ப்யூட்டர்!

கன்னத்தில் பரு. நெற்றியில் தழும்பு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது இருந்த முகம் இது.

சிறிது நேரத்தில் படம் கைக்கு வருகிறது. பருவைக் காணோம். தழும்பைக் காணோம். முகம் பளபள என்று இருக்கிறது!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களில் உள்ள போட்டோ ஸ்டூடியோக்களில் இது அன்றாட வேலை. இதற்கு "டச்சிங்" என்று பெயர்.

பென்சில் வித்தை

இது புதிய வித்தை அல்ல. பிலிம் காலத்திலேயே இருந்தது.

பிலிமில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாக உள்ள புள்ளி, பிலிமில் வெளுப்பாகத் தெரியும். அதன்மேல் கூரான பென்சிலால் மெல்லத் தொட்டு நிரப்புவார்கள். அச்சுப் போட்டால் புள்ளி மறைந்துவிடும். கை சற்று அழுந்தினால் போச்சு! மறைய வேண்டிய இடம் வெள்ளையாகப் பல் இளிக்கும்.

இப்பொழுது அந்தப் பென்சிலுக்கு வேலை இல்லை.

சகோதரர்கள் செய்த மாற்றம்

அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கியது "போட்டோஷாப்". அடோபி கம்பெனி 1990-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பருவை ஆற்றும் தூரிகை 2002-ல் அதில் சேர்ந்தது.

அது எப்படி வேலை செய்கிறது?

சட்டை கிழிந்தால் அதே துணியில் ஒட்டுப் போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். பக்கத்தில் உள்ள நல்ல தோலை எடுத்து, பரு இருக்கும் இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பப் பொருத்திவிடுகிறது.

கெட்டிக்காரத் தொழிலாளி அசல் படத்தைத் தொடமாட்டார். அதன்மேல் கண்ணாடித்தாள் போல ஒரு படலத்தை விரித்து, அதில் வேலை செய்வார். பிடிக்காவிட்டால் படலத்தை எடுத்துவிடலாம். அசல் அப்படியே இருக்கும்.

எது போகலாம்?

பரு சில நாளில் தானே போய்விடும். படத்தில் எடுத்தால் நஷ்டம் இல்லை. மச்சமும் தழும்பும் அப்படியா?

பள்ளிக்கூடம் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழைப் பாருங்கள். அங்க அடையாளம் எழுதியிருக்கும். "வலது கன்னத்தில் மச்சம்" என்று சான்றிதழ் சொல்கிறது. "இல்லையே!" என்று படம் சொன்னால் எதை நம்புவது?

பாஸ்போர்ட் படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தவே கூடாது என்பது விதி. செல்போனில் எடுத்தாலும் கவனம் தேவை. சில போன்கள் கேட்காமலே முகத்தை வழவழப்பாக்கிவிடும்!

நிறத்தை மாற்றலாமா?

இதைவிடப் பெரிய விஷயம் கல்யாணப் பெண்ணின் படம்.

மாநிறப் பெண்ணை வெளுப்பாக்கிப் படத்தை அனுப்புகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருகிறார்கள். படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். தலைகுனிந்து நிற்பது யார்? அந்தப் பெண்தான். அவள் என்ன குற்றம் செய்தாள்? "உன் நிறம் போதாது" என்று அவளிடம் முதலில் சொன்னது, பெற்றவர்கள் அனுப்பிய படம் அல்லவா!

பிரான்சு நாட்டில் விளம்பர அழகியின் உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்தினால், "திருத்திய படம்" என்று அச்சிட வேண்டும். 2017 அக்டோபர் முதல் இது சட்டம். வீட்டுப் படத்துக்குச் சட்டம் இல்லை. நம் மனசாட்சிதான் சட்டம்.

அடுத்த முறை ஸ்டூடியோவில், "டச்சிங் செய்யட்டுமா?" என்று கேட்டால் சொல்லுங்கள்: "பருவை எடுங்கள். மச்சத்தை விடுங்கள். நிறத்தைத் தொடாதீர்கள்!"

நாளை உங்கள் பேத்தி அந்தப் படத்தைப் பார்ப்பாள். பாட்டி எப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?