தொட்டிலில் ஒரு தகராறு!

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தொன்றிலே நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. சென்ற வாரம் அங்கே பெயர் சூட்டு விழா. தொட்டில் கட்டியாயிற்று, தொட்டிலிலே பெண் மகவு, அடுப்பிலே பாயசம். பாயசத்தைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது கூடம்!

காரணம் என்ன? பெயர்!

பெற்றோர் இருவரும் 'யாழ்' என்றனர். "நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தே வேறு, அதை விட்டுவிட்டு யாழாம் யாழ்!" என்றார் தாத்தா. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாழா, பாழா என்று கேலி செய்தால் குழந்தை அழாதா?" என்றார் அத்தை. எண் கணிதம் பார்த்த சித்தப்பாவோ, கூட்டுத்தொகை சரியில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பாட்டி மட்டும் ஒரே சொல்லோடு நின்றார்: "கற்பகம்னு வையுங்க."

உள்ளே நுழைந்த நம்மைப் பிடித்து, "நீங்களே சொல்லுங்கள்" என்றனர். தீர்ப்பு நம் சட்டைப்பையிலே தயாராகத்தானே இருந்தது! எடுத்து விரித்தோம்.

புதுப் பெயர் என்றாலே புருவம் நெரிப்பது நம் நாட்டுக்குப் புதிதா? சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனபோதும், வேதாசலம் மறைமலை அடிகள் ஆனபோதும் நகைத்தவர்கள் இல்லாமலா போயிருப்பார்கள்? நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். நேற்று வாயில் நுழையாத பெயர்கள், இன்று வீட்டுக்கு வீடு வழங்குகின்றன. பெரியாரோ, 1932-இல் சோவியத்து நாட்டைச் சுற்றிப் பார்த்து வந்தபின், தம்மிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயரிட்டார். வானம் இடிந்து விழவில்லை!

1953 மார்ச் முதல் நாள் கலைஞர் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தான். 'அய்யாதுரை' என்று வைக்கத்தான் எண்ணியிருந்தார் - அய்யாவிலே பெரியார், துரையிலே அண்ணாதுரை. நான்கு நாள் கழித்து, மார்ச் 5-இல், சோவியத்துத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். இரங்கல் கூட்டத்திலே பேசிய கலைஞர், தம் மகனுக்கு அந்தப் பெயரையே சூட்டுவதாக அறிவித்தார். பின்னாளில் பெயரை மாற்றினால்தான் சேர்ப்போம் என்றது ஒரு பள்ளி. பெயரை மாற்றாமல் பள்ளியை மாற்றினார் தந்தை! இடையே என்ன நடந்தது? 1956-இல் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். 1961-இல் ஸ்டாலின்கிராடு நகரமே வோல்கோகிராடு ஆயிற்று. சொந்த நாட்டிலே ஊர்ப்பெயரும் போயிற்று. சென்னையிலே பிள்ளையின் பெயர் நின்றது. 2021-இல் அதே பெயரைச் சொல்லி முதலமைச்சராக உறுதிமொழி ஏற்றார் அவர். வைத்தவர் கருதிய பொருள் ஒன்று. வாழ்ந்தவர் தந்த பொருள் மற்றொன்று. பெயர் பிள்ளையை ஆக்குவதில்லை. பிள்ளைதான் பெயரை ஆக்குகிறது!

"முன்னோர் பெயரை வைத்தால் அவர் நினைவு நிலைக்குமே?" என்றார் தாத்தா. நாம் விடவில்லை. "இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தியாகராய நகர். நீதிக்கட்சியின் தூண்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் நினைவாக வைத்த பெயர். இன்று அது டி.நகர்! புடவை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த 'டி' யார் என்று கேட்கிறார்கள்? ஊருக்கே வைத்த பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கிற்றே!" என்றோம். கூடம் சிரித்தது. வென்றுவிட்டோம் என்றே எண்ணினோம்.

அப்போதுதான் பாட்டி வாய் திறந்தார்.

"அந்தத் தியாகராயருக்கு ஓர் எழுத்தாவது மிஞ்சியிருக்குதே ஐயா! என் அம்மாவுக்கு என்ன இருக்குது? வாசல் பலகையிலே என் மாமனார் பேரு. பிள்ளைகளுக்கு முதலெழுத்து என் வீட்டுக்காரர் பேரு. கல்யாணப் பத்திரிகையிலே என் அப்பா பேரு. கற்பகம்னு ஒருத்தி இருந்தாள்னு சொல்ல ஒரு காகிதம் காட்டுங்க பார்ப்போம்!"

சிரிப்பு நின்றது. பாட்டியின் மகன் - குழந்தையின் தகப்பன் - மெல்லச் சொன்னான்: "அம்மா, உன் அம்மா பேரு கற்பகம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

சட்டைப்பையிலிருந்து எடுத்த தீர்ப்பைச் சட்டைப்பையிலேயே வைத்தோம்.

பழமைக்கும் புதுமைக்கும் போர் என்றல்லவா நினைத்தோம்? இல்லை. தாத்தாவின் நட்சத்திரமும் சித்தப்பாவின் கூட்டலும் வெறும் கணக்கு. பாட்டியின் கேள்வியோ நியாயம். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக்கூடாது என்று, அதே பெயரைத் தாங்கிய தன் பிள்ளையையே 'ராசா' என்றும் 'துரை' என்றும் அழைத்த தாய்மார்கள் வாழ்ந்த நாடு இது. ஆண் பெயரைச் சொல்லாமல் காத்தோம். பெண் பெயரைச் சொல்லாமலே மறந்தோம்! 1929 செங்கற்பட்டு மாநாட்டிலே சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானித்த இயக்கம் கண்ட மண்ணிலே, தாயின் பெயர் தானாகவே உதிர்ந்துபோனதைக் கவனித்தவர் எத்தனை பேர்?

நீதிமன்றங்கள் கவனிக்கத் தொடங்கியுள்ளன. 2022 சூலையில் உச்ச நீதிமன்றம், கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட தாய் ஒருவரின் வழக்கிலே, பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. 2023-இல் கேரளத்திலே, பிரிந்து வாழும் பெற்றோர் பெயரில் உடன்படாததால், பிறப்புச் சான்றிதழில் பெயரின்றிப் பள்ளியில் சேர முடியாமல் நின்றது ஒரு பெண் குழந்தை. உயர் நீதிமன்றமே பெயர் சூட்டிற்று - தாய் விரும்பிய பெயரை முன்னே வைத்து, தந்தையின் பெயரைப் பின்னே சேர்த்து! வீட்டிலே முடியவேண்டியது வழக்காடு மன்றம் போகலாமா?

ஆகவே நாம் சொன்னது இதுதான். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், அது சட்டம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதுவும் சட்டம். அவசரம் எதற்கு? யாழ் என்றே முடிவானாலும் குறையில்லை. கற்பகம் என்றாலும் குறையில்லை. பெயரிடும் உரிமை பெற்றவர்களுடையது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், எந்தப் பெயரானாலும் அதன் முன்னே தந்தையின் எழுத்தோடு தாயின் எழுத்தும் நிற்கட்டும்! இன்று தொட்டிலை ஆட்டுகிற இந்தப் பெண், அறுபது ஆண்டு கழித்து இன்னொரு கற்பகமாகிவிடக் கூடாது.

தாத்தா ஒன்றும் பேசவில்லை. அத்தை பாயசத்தை இறக்கப் போனார். நாம் விடைபெறும்போது பெயர் முடிவாகவில்லை. ஆனால் மருமகள் பாட்டியின் அருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அத்தை, கற்பகம் பாட்டி எப்படி இருப்பாங்க?"