நாற்பத்தெட்டில் ஓடத் தொடங்கினேன் – 6: பேச்சு அறாத வேகம்

காலை ஐந்தரை மணிக்குச் சிலமலை பஸ் ஸ்டாப்பில் ஜீப்புக்காகக் காத்து நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கையில் தூக்குச்சட்டி, மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. ஜீப் அவர்களை அள்ளிக்கொண்டு போடி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். பகல் முழுக்கச் சரிவில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் திரும்புவார்கள்.

அவர்கள் கண் முன்னால்தான் என் முதல் நாள் ஓட்டம் நடந்தது.

போன வாரப் பகுதியை, டாக்டர் ஈசிஜி பார்த்து, சரி ஓடுங்கள் என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தேன். அன்றைக்கு என் எடை 84 கிலோ, உயரம் 166 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 103 செ.மீ. நம்மைப் போன்ற ஆசியர்களில் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. இருபத்திரண்டு வருடமாகப் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் நான். ஏலம் விடுவது கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, மாதிரிக் காயைப் பார்க்க மேஜை மேஜையாக எழுந்து போகிற வேலையும் இல்லாமல் போயிற்று.

ஜீப் ஓட்டும் பையன் ஒருவன் கேட்டான்: “என்னண்ணே, யாரு வெரட்டுறாக?”

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஏதுமில்லாத சிரிப்புதான். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். நானூறு மீட்டர் போயிருப்பேன். தென்னந்தோப்பு வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் இருட்டியது, கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கிடந்தது. மூன்று நாள் நொண்டினேன். வயதாகிவிட்டது, இனி இதெல்லாம் நமக்கு எதற்கு என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

என்னைத் திரும்பவும் ரோட்டுக்கு இழுத்து வந்தது பங்காளி முறையில் மதினியாகிற ஒருவர். இருபது வருடத்துக்கு மேல் மலைக்குப் போய் வருகிறவர். நொண்டிக்கொண்டு கடைக்குப் போன என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏன் கொழுந்தனாரே, மலையில நாங்க ஓடியா ஏறுறோம்? பேசிக்கிட்டே ஏறுவோம். பேச்சு நின்னுச்சுன்னா காலையும் நிறுத்திருவோம். மூச்சு வந்தப்பறம் மறுபடி ஏறுவோம்.”

நடுவயதில் ஓட வருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது. ஓட்டப் பயிற்சியாளர்கள் இதைப் ‘பேச்சுச் சோதனை’ என்பார்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது சரியான வேகம். ஒற்றைச் சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் குறைக்க வேண்டும். அந்த மெதுவான வேகத்தில்தான் இதயமும் கால்களின் சின்ன ரத்தக் குழாய்களும் வாரக்கணக்கில் பழகிப் பழகி வலுவாகின்றன. தசைநாரும் எலும்பும் இன்னும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு ஒரு மாதத்தில் வசப்படுகிறது, குதிகால் தசைநாருக்கு நாலைந்து மாதம் வேண்டியிருக்கிறது. பலர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்: மூச்சு சம்மதித்துவிடும், கால் சம்மதித்திருக்காது.

1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் காலவே, 1974-இல் புதியவர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது கைக்கொண்ட முறையும் இதுவே. கொஞ்சம் ஓடு, களைப்பதற்கு முன்பே நட, மறுபடி ஓடு. நான் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் இருபத்துநாலு நிமிடம், வாரத்தில் நாலு நாள். எட்டு நிமிட ஓட்டம்தானா என்று தோன்றும். அந்த எட்டு நிமிடம் எனக்கு வலியில்லாமல் முடிந்தது, மறுநாளும் எழுந்திருக்க மனம் வந்தது. மூன்றாவது மாதம் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தேன். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் தேவாரம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓடி முடித்தபோது, மேற்கே மலையுச்சியில் வெயில் விழுந்திருந்தது. அடிவாரத்தில் இன்னும் இருட்டு.

வாசகர்கள் அதிகம் கேட்டது மூட்டைப் பற்றி. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடாதா? 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். மூட்டைக் கெடுப்பதில் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே மூட்டு கெட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மற்றவர்கள் பயத்தை விட்டுவிடலாம்.

இங்கே மா. சுப்பிரமணியனைச் சொல்லியாக வேண்டும். 2006 முதல் 2011 வரை சென்னை மேயர், 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சரானவர். கட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய கால்களை மட்டும் பாருங்கள். பல வருடச் சர்க்கரை நோயாளி. 2004-இல் நடந்த சாலை விபத்தில் முழங்கால் நொறுங்கியது. பழையபடி நடமாட முடியாது என்று சொல்லக் கேட்டவர், யோகாவில் தொடங்கி நடைக்கு வந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட்டத்துக்கு வந்தார். 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை நூற்றுக்கு மேல் முடித்துவிட்டார். நொறுங்கிய மூட்டோடு வேகமாக ஓடியிருக்க முடியாது, பொறுமையாகக் கட்டியிருப்பார். என்னைத் தொடுவது அந்தப் பொறுமை.

எடைக்கு வருவோம். ஓட்டம் மட்டும் எடையைக் குறைத்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் இரண்டு மாதத்தில் மனம் விட்டுப்போகிறார்கள், எனக்கும் அது நடக்க இருந்தது. ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அவர் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். 84 கிலோக்காரன் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 250. ஒரு பரோட்டாவும் அதன் மேல் ஊற்றும் சால்னாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வாரம் நாலு நாள் ஓடியும், சாப்பாடு மாறாவிட்டால், ஒரு கிலோ குறைய எட்டு வாரம் பிடிக்கும்.

என் தாத்தா குரங்கணி, டாப் ஸ்டேஷன் பாதையில் சுமை தூக்கி நடந்தவர். மேலேயிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப் வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். அவர் வட்டிலில் போட்ட சோற்று அளவு எங்கள் வீட்டில் மாறவே இல்லை. மூன்று தலைமுறையாக அதே கரண்டி, அதே குவியல். ஏறிய மலை மட்டும் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. நான் ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, மொச்சை, தட்டாம்பயறு, முட்டை என்று அந்த இடத்தை நிரப்பினேன். கடையில் வரும் நாலு டீயில் மூன்றுக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன். பதினோரு மாதத்தில் 76 கிலோ, இடுப்பு 93 செ.மீ. இன்னும் மூன்று செ.மீ. பாக்கி.

நடுவே ஒரு தவறும் செய்தேன். போடிமெட்டுக்கு வேலையாகப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறக்கம்தானே என்று ஐந்து வளைவு ஓடி இறங்கினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கட்டிலிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது, தொடை நாலு நாள் வலித்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படிப் பாரம் தாங்கும்போதுதான் தசை இழைகள் அதிகம் நைகின்றன. மதினியிடம் சொன்னேன். “ஏறுறது மூச்சு, எறங்குறது முட்டி. இது தெரியாதா?” என்றார். அவருடைய முழங்கால் இரண்டும் வீங்கித்தான் இருக்கின்றன. அவர் விரும்பி இறங்கிய இறக்கங்கள் இல்லை அவை. நாற்பத்தெட்டில் நான் ஓட முடிவது எனக்குக் கிடைத்த வசதி என்பதை ஒவ்வொரு விடிகாலையும் அந்த பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

ரோட்டில் ஓடுகிறவர்கள் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எண்பத்தொன்பது வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியவர் ஃபௌஜா சிங். பாஸ்போர்ட்டில் அவர் பிறந்த ஆண்டு 1911. அத்தனை மைல்கள் தாங்கிய உடம்பு, 2025 ஜூலையில் பஞ்சாபில் சொந்த ஊர் அருகே சாலையில் ஒரு வண்டி மோதித்தான் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு ஓட மனமே வரவில்லை. உடம்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் ஒரு துண்டு வெல்லம் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அழுத்தினால், கை கடுத்தால், அங்கேயே உட்காருங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. என்னைப் பார்த்து ஒரு நாள் சிரித்தார்கள், பத்தாம் நாள் பழகிவிட்டார்கள். என் மனைவிக்கு வயது நாற்பத்துநாலு, இடுப்பு 96 செ.மீ., அவள் அம்மாவுக்குச் சர்க்கரை. அவள் தேவாரம் ரோட்டில் ஓடினால் சிரிப்போடு நிற்குமா? மாமனார் வீட்டுக்குச் செய்தி போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை பேச்சு வரும். ஆறு மாதமாக அவள் வீட்டு மாடியிலேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை ஜீப் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் மதினி சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் மனைவி வீட்டுக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டு பேரும் தென்னந்தோப்புவரை வேகமாக நடந்து போனார்கள். திரும்பும்போது கொஞ்ச தூரம், சேலையைச் செருகிக்கொண்டு, ஓடினார்கள். எதிரே வந்த எனக்கு அவர்கள் பேச்சு தூரத்திலேயே கேட்டது. அது ஓரிடத்திலும் அறவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்தபோது மனைவி சொன்னாள்:

“என் கால் அளவு ஆறு. நாளைக்குப் போடியில பாத்துட்டு வாங்க.”

(அடுத்த வாரம் தொடரும்)