கடற்கரைப் பந்திக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

விடுமுறை நாள்கள் நெருங்கும்போது உள்நாட்டுப் பங்குகளின் இளைஞர்கள் ஒரு வேண்டுகோளோடு பெற்றோரை அணுகுவதுண்டு. மிதிவண்டியில் கடற்கரை ஊர்களுக்குப் போய், நல்ல மீனுணவு உண்டு, மூன்று நாளில் திரும்பவேண்டும் என்பதே அது. பெற்றோருக்கோ சாலையைப் பற்றிய அச்சம். கடலைப் பற்றிய அச்சம். சில இல்லங்களில், வாய்விட்டுச் சொல்லப்படாத வேறொரு தயக்கமும் உண்டு. முன்னிரண்டும் நியாயமானவை, திட்டமிட்டால் நீங்குபவை. மூன்றாவதைப் பற்றி இறுதியில் பேசுவோம்.

எங்கே போவது? முத்துக்குளித்துறையே போதும் என்போம். தூத்துக்குடியில் தொடங்கித் தெற்கே உவரி வரை சென்றால், புன்னைக்காயல் சுற்றையும் சேர்த்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மூன்று நாளுக்கு இது மிகையன்று. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று நிதானமாக மிதித்தாலும், காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் போதும். வெயில் ஏறும் வேளை ஓய்வுக்கும் உணவுக்கும் உரியது.

எப்போது போவது? பொங்கலை ஒட்டிய விடுமுறை ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வாடைக்காற்று முதுகுப்புறமாக வீசித் தெற்கே செல்வோருக்குத் துணைசெய்யும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும், அப்போது வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாதலால் மீன்வரத்தும் குறைவு. மேலும், கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குச் செல்வதில்லை. ஆண்டவருடைய நாளை அம்மக்கள் வருவாயினும் மேலாக மதிக்கின்றனர். எனவே வியாழனன்று புறப்பட்டுச் சனி மாலை உவரியை அடைந்து, ஞாயிறு திருப்பலியோடு பயணத்தை நிறைவு செய்வது நன்று.

முதல் நாள் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் செபித்துப் புறப்படலாம். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகியவற்றால் செய்யப்படும் மக்ரூன் இந்நகரின் பெயர்பெற்ற பண்டம். வழிக்குச் சிறிது வாங்கிக்கொள்ளலாம். உப்பளங்களைக் கடந்து, வெற்றிலைக்குப் பெயர்போன ஆத்தூர் வழியாகச் சென்று கிழக்கே திரும்பினால், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலைத் தந்த அன்றீக்கு அடிகளார் பல்லாண்டு உழைத்த கரை இது. இரவு திருச்செந்தூரை அடுத்த வீரபாண்டியன்பட்டினத்தில் தங்கலாம்.

இரண்டாம் நாள் ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு. தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டரே. கடலுக்குள் நீண்ட குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். அதனடியில், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை. 1542-இல் இக்கரைக்கு வந்த அப்புனிதர், இம்மணலில் நடந்தே ஊர் ஊராகச் சென்றார். நம் பிள்ளைகளுக்கோ இரு சக்கரங்கள் உள்ளன! மணப்பாட்டுக்கு அருகே உடன்குடி. பனங்கருப்பட்டிக்கு அதுவே தலைநகர். தை மாதத்தில் பனங்கிழங்கும் கிடைக்கும். சுக்கும் ஏலமும் சேர்ந்த சில்லுக்கருப்பட்டியைக் கடிக்கும்போது, நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுகிறவரையும், அடுப்பனலில் நின்று பதநீர் காய்ச்சும் அவர் மனைவியையும் நினைக்கக் கற்பியுங்கள்.

மூன்றாம் நாள் பெரியதாழை வழியாக உவரி. அங்கே புனித அந்தோனியாரின் திருத்தலம் திருப்பயணிகளை வரவேற்கும்.

இனி ஆயத்தங்கள். முதலாவது, புறப்படுவதற்கு இரு வாரம் முன்பே அந்தந்தப் பங்குத்தந்தையர்க்குக் கடிதம் எழுதித் தங்குமிடம் கேளுங்கள். இரண்டாவது, பிரேக், செயின், டயர் ஆகியவற்றைச் சரிபார்த்து, பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது, ஒருவர் பின் ஒருவராகவே செல்லவேண்டும். தூத்துக்குடிச் சாலையில் லாரிகள் மிகுதி. இருட்டிய பின் பயணம் கூடாது. நான்காவது, பெரியவர்கள் இருவரேனும் உடன் செல்லட்டும். தந்தையர் சென்றால் மிக நன்று. வீட்டில் மகனோடு பேச நேரமில்லாதவர்க்கு இம்மூன்று நாள் ஒரு கொடை. ஐந்தாவது, ஊரார் காட்டும் இடத்திலன்றிக் கடலில் இறங்கக்கூடாது.

உணவுக்கு வருவோம். சீலா மீன் வறுவலை மட்டுமே தேடுவோர் கடற்கரைச் சமையலை அறியாதவர். புளியும் தேங்காயும் அரைத்துக் கூட்டிய சாளைக் குழம்பும், கருவாடும் மாசியுமே அங்குள்ள அன்றாட உணவு. காலையில் வள்ளங்கள் கரையேறும் வேளையில் சென்று நில்லுங்கள். விடியுமுன் இருளில் சென்றவர்கள் திரும்பி வருவதும், மணலிலேயே ஏலம் நடப்பதும், பெண்கள் கூடை சுமந்து விரைவதும் காணக்கிடைக்கும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓகிப் புயலில் தென்கரையின் மீனவர் பலர் திரும்பவேயில்லை. நம் இலையில் விழும் மீன்துண்டுக்கு அவ்வளவு விலை உண்டு. அதை அறிந்த பிள்ளை, மீன்காரப் பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்காக வழக்காடமாட்டான்.

இப்போது அந்த மூன்றாவது தயக்கம். 'அவர்கள் வீட்டிலா சாப்பிடுவது?' என்று கேட்கும் நாவு நம் குடும்பங்களில் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. மீன் வேண்டும், மீன்பிடிப்பவரின் திண்ணை வேண்டாம். கருப்பட்டி வேண்டும், பனையேறுபவரின் குடிசை வேண்டாம். இது எந்த நற்செய்தி? ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, வெளியே வந்ததும் இலையைப் பிரித்துப் போடுகிறோம். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்காக எழுப்பிய தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். மனத்தில் எழுந்த சுவருக்கு, ஒரு பிள்ளை மற்றொரு வீட்டில் கைநனைப்பதே கடப்பாரை.

ஆண்டவர் தம் சீடரை அனுப்பியபோது, பையும் மிதியடியும் எடுத்துச் செல்லாமல், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, பரிமாறப்படுவதை உண்ணும்படி பணித்தார். விருந்தினனாகச் செல்பவன் ஏழையாகவே செல்கிறான். கொடுக்கப்படுவதை நம்பி நிற்கிறான். உணவு விடுதியில் பணம் கொடுத்து உண்பவனுக்கு மீன் கிடைக்கும். அழைத்தவர் இல்லத்தில் அமர்ந்து உண்பவனுக்கு உறவு கிடைக்கும். ஆதலால், பங்குத்தந்தையர்க்குக் கடிதம் எழுதும்போது தங்குமிடத்தோடு இதனையும் கேளுங்கள்: ஒரு வேளை உணவேனும் குடும்பங்களோடு உண்ண வழிசெய்யும்படி வேண்டுங்கள். அரிசியும் பருப்பும் உங்கள் ஊரிலிருந்து கொண்டு செல்லுங்கள். சமைக்கத் துணைநின்று, உண்டபின் பாத்திரங்களையும் கழுவிக் கொடுங்கள். அடுத்த விடுமுறையில் அவ்வீட்டுப் பிள்ளைகளை உங்கள் இல்லத்திற்கு அழையுங்கள். அழைக்காவிடில், சென்றது வெறும் சுற்றுலாவே.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடர்க்குக் காட்சி தந்தபோது செய்தது என்ன? கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு காத்திருந்தார். இரவெல்லாம் உழைத்தவர்களை உண்ண வருமாறு அழைத்தார். தம்மை மறுதலித்த பேதுருவையும் அப்பந்தியிலிருந்து அவர் விலக்கவில்லை.

பெற்றோரே, மிதிவண்டியின் பிரேக்கைச் சரிபாருங்கள். பிள்ளைகளை மனமார ஆசீர்வதித்து அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்து, "அம்மா, உவரியிலிருந்து நம் வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள்" என்று சொல்லும் நாளில், நடுக்கூடத்தில் ஒரே வரிசையில் இலை போடுங்கள்.